வீராணத்து நீரின் கணக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும்: சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு மங்களூரிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகரின் குடியிருப்போர் நலச் சங்கங்களைச் சேர்ந்த மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்னையின் குடிநீரில் கணிசமான ஒரு பங்கு கடலூர் மாவட்டத்து ஏரி ஒன்றிலிருந்து செல்கிறது என்பது நகர மக்களுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும், அந்த நீருக்கான கணக்கு சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலிலிருந்தே தொடங்குகிறது என்பதும், அதற்கு முன்னால் ஆற்றிலும் கால்வாயிலும் ஏரியிலும் நிகழும் யாவும் நகரத்தின் பொறுப்புக்கு அப்பாற்பட்டவையாகவே கருதப்படுகின்றன என்பதும் போதிய கவனம் பெறவில்லை. திட்டக்குடியை அடுத்த மங்களூர் வட்டாரத்திலிருந்து எழுதப்படும் இம்மடல், பெருநகரக் குடிநீர் நிர்வாகம் என்பது நீர் பிறக்கும் இடத்தையும் உள்ளடக்கிய ஒரே பொறுப்பு என்பதையும், அப்பொறுப்பில் நீரைப் பருகுவோர்க்கு நேரடியான பங்கு உண்டு என்பதையும் சங்கங்களின் முன் வைக்க விரும்புகிறது.

மங்களூரிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இவ்வட்டாரத்தை ஒட்டிச் செல்லும் வெள்ளாறு, சேலம் மாவட்டப் பக்கத்து மலைகளில் பிறக்கும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி உருவாவது. அதன் வெள்ள நீரைத் தொழுதூர் அணைக்கட்டில் மறித்து, வாய்க்கால் வழியாகக் கீழச்செருவாய் வெலிங்டன் ஏரியில் தேக்கும் ஏற்பாடு 1923 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. அந்த ஏரியின் கொள்ளளவு 2,580 மில்லியன் கன அடி. தொழுதூரைத் தாண்டும் வெள்ளாறு திட்டக்குடி, பெண்ணாடம் வழியாகச் சென்று, மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு சேத்தியாத்தோப்பை அடைகிறது. சென்னைக்கான நீர் வீராணம் ஏரியிலிருந்து எடுக்கப்படுவதும் அதே சேத்தியாத்தோப்பில்தான். நகரத்துக்கு நீர் தரும் மாவட்டத்தில் வாழ்ந்தபடியே, தம் ஏரி நிரம்புமா என்று ஒவ்வோர் ஐப்பசியிலும் வானத்தைப் பார்க்கும் மக்களின் இடம் இது. மக்காச்சோளமும் பருத்தியும் பெருமளவில் விளையும் இந்த மேட்டு நிலத்தில் ஏரி நிரம்பாத ஆண்டு என்பது வேலையில்லாத ஆண்டு.

இப்போது வீராணத்துக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் வெட்டுவித்ததாகக் கொள்ளப்படும் இவ்வேரி, பராந்தகனின் பட்டப்பெயரைத் தாங்கி வீரநாராயணன் ஏரி என வழங்கப்பெற்றது. இதன் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இதன் ஆயக்கட்டு, அதாவது ஏரி நீரால் முறையாகப் பாசனம் பெறும் நிலப்பரப்பு, ஏறத்தாழ 45,000 ஏக்கர். ஏரிக்கு நீர் வரும் வழி நீண்டது: மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையை அடைந்து, அங்கிருந்து வடவாறு என்னும் கால்வாய் வழியாக ஏரியில் சேர்கிறது. மழைக்காலத்தில் அரியலூர் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து செங்கால் ஓடை போன்ற காட்டோடைகளும் ஏரியில் விழுகின்றன. அவை கொண்டுவருவது நீரை மட்டுமன்று, வண்டலையும்தான்.

சென்னையின் குடிநீருக்கு வீராணத்தைப் பயன்படுத்தும் எண்ணம் 1960களின் இறுதியிலேயே உருவாகி, அதற்கெனச் செய்யப்பட்ட பெரும் குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரங்களில் பயனின்றிக் கிடந்தன. கடும் வறட்சி நிலவிய 2003, 2004 ஆண்டுகளில் நகரத்தின் பெரும்பகுதி லாரி நீரை நம்பி வாழ நேர்ந்தபோதுதான் புதிய வீராணம் திட்டம் விரைந்து நிறைவேற்றப்பட்டு, 2004-இல் செயலுக்கு வந்தது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீரை சேத்தியாத்தோப்பில் எடுத்து, நெய்வேலியை அடுத்த வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றி, அங்கிருந்து மீண்டும் ஒரு மேட்டுக்கு ஏற்றி, பின்னர் நிலத்தின் சரிவைக் கொண்டே சென்னையின் போரூர் நீர்ப்பகிர்மான நிலையம் வரை கொண்டு செல்லும் இத்திட்டத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 230 கிலோமீட்டர்.

நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்னும் அளவை ஏரியின் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். ஆகவே நகரம் நாள்தோறும் எடுப்பது சுமார் 6.4 மில்லியன் கன அடி, ஆண்டு முழுவதும் எடுத்தால் ஏறத்தாழ 2,300 மில்லியன் கன அடி. ஏரி ஒரு முறை முழுமையாக நிரம்பினாலும், வயலுக்கு ஒரு சொட்டும் விடாமல், வெயிலில் ஆவியாகும் நீரையும் கணக்கில் கொள்ளாமல் இருந்தாலும், அந்த நீர் நகரத்துக்கு எட்டு மாதங்கள்கூடப் போதாது. எனவே ஏரி ஆண்டில் பல முறை நிரம்பி வடிந்தாக வேண்டும்; அது மேட்டூரின் நீர் இருப்பையும், மேட்டூரின் இருப்பு கர்நாடகத்தின் மழையையும் காவிரித் தீர்ப்பையும், கால்வாயின் கொள்திறன் வடவாற்றின் கரைகளையும் பொறுத்தது. பெருநகரத்தின் ஒரு குடும்பம் காலையில் நிரப்பும் குடத்துக்கும் குடகுமலையின் தென்மேற்குப் பருவமழைக்கும் இடையே இத்தனை கண்ணிகள் இருக்கின்றன. இவற்றுள் எதுவும் வடக்குத்து நிலையத்தின் வடிகட்டிகளுக்குள் இல்லை.

நகரத்துக்கு இந்த நீர் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2019-ஆம் ஆண்டு காட்டியது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அவ்வாண்டு ஜூனில் ஏறத்தாழ வறண்டு, நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த வழங்கல் 52.5 கோடி லிட்டராகக் குறைந்தது. அந்த 52.5 கோடியில் பாதிக்கு மேல் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களும் வீராணமும் சேர்ந்து தந்தவை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு ரயில் ஒரு நடையில் சுமந்தது 25 லட்சம் லிட்டர். வீராணம் ஒரு நாளில் அனுப்பும் முழு அளவுக்கு அத்தகைய ரயில் 72 நடை வர வேண்டும். ரயிலைப் பார்க்க வில்லிவாக்கத்தில் கூட்டம் கூடியது. மண்ணுக்கடியில் ஓசையின்றி வந்த நீரைப் பற்றி எவரும் பேசவில்லை. அது இயல்பு என்றாலும், குடிநீர்க் கொள்கையை வகுப்போரும் அதே வகையில் நினைப்பது ஆபத்தானது.

வீராணத்தில் நீர் இல்லாத ஆண்டுகளில் நகரம் நெய்வேலியை நாடியதும் நினைவுகூரத்தக்கது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழே, பெரும் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் தேங்கியுள்ளது; அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தளமே பெயர்ந்துவிடும் என்பதால், சுரங்கம் இயங்கும் வரை நீர் இடைவிடாது இறைக்கப்படுகிறது. அந்தச் சுரங்க நீரும் அவ்வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்று நீரும் வறட்சிக் காலங்களில் சென்னைக்குச் சென்றுள்ளன. இந்நீரைத் தாங்கும் கடலூர் மணற்கல் அடுக்கு, மேற்கிலும் வடமேற்கிலும் நிலத்தின் மேற்பரப்பில் தலைகாட்டும் இடங்களில்தான் மழையை உறிஞ்சுகிறது. அப்பகுதிகள் விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரங்களைச் சார்ந்தவை. அங்கே முந்திரித் தோப்பும் புறம்போக்கும் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றன என்பதும், ஆகவே, பெருநகரத்தின் குடிநீர்ச் செய்திதான்.

சுத்திகரிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளதால், அங்கே நடப்பது இன்னது என்று விளக்குவது பொருந்தும். ஏரி நீரில் மணல் போன்ற பெரிய துகள்கள் நின்ற நீரில் தாமே அடியில் படிந்துவிடும். ஆனால் களிமண்ணின் மிக நுண்ணிய துகள்கள் ஒவ்வொன்றும் எதிர்மின் ஏற்றம் தாங்கி ஒன்றையொன்று விலக்குவதால், நாட்கணக்கில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும்; இந்நிலையிலுள்ள கலவையைக் கூழ்மம் என்பர். பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தின் பட்டறைகளில் இந்த இயல்பு நன்கு அறியப்பட்டது: அச்சில் ஊற்றும் களிக்குழம்பு கட்டிதட்டாமல் ஒழுகுவதற்காகச் சோடியம் சிலிக்கேட்டைச் சிறிதளவு சேர்த்து, துகள்களின் விலக்கத்தை வேண்டுமென்றே மிகுதியாக்குவர். சுத்திகரிப்பு நிலையம் செய்வது இதற்கு நேர் எதிரானது. அங்கே படிகாரம் போன்ற அலுமினிய உப்பை நீரில் வேகமாகக் கலக்கும்போது துகள்களின் மின்னேற்றம் தணிகிறது. பிறகு மெல்லக் கலக்கும்போது அவை ஒட்டித் திரண்டு, பஞ்சு போன்ற திரள்களாகி அடியில் இறங்குகின்றன. தெளிந்த நீர் மணல் வடிகட்டிகளின் ஊடே செல்கிறது. எஞ்சிய கிருமிகளைக் குளோரின் அழிக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 தரநிலை, குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நீர் பயணிக்கும் வழியில் புதிதாகக் கிருமி சேர்ந்தால் அதையும் எதிர்கொள்வதற்கான இருப்பு அது.

இம்முறை நூறாண்டு அனுபவம் கொண்டது. புழலில் இருந்து 1872-இல் ஒழுங்கான நீர்வழங்கல் தொடங்கியபோது நகரம் பெற்றது வடிகட்டப்படாத ஏரி நீர்; கீழ்ப்பாக்கத்தில் பொறியாளர் மேட்லி வடிவமைத்த மெதுமணல் வடிகட்டிகள் 1914-இல் இயங்கத் தொடங்கிய பிறகே வடிகட்டிய நீர் குழாயில் வந்தது. ஆயினும் இம்முறையின் எல்லையும் தெளிவானது. படிகாரமும் மணலும் குளோரினும் கலங்கலையும் கிருமியையும் நீக்கும். நீரில் கரைந்துள்ள உப்பையோ, வயலில் தெளித்த பூச்சிக்கொல்லியின் எச்சத்தையோ, சாயக் கழிவையோ அவை பெரிதாக நீக்குவதில்லை. ஆழம் குறைந்த ஏரியில் கோடையில் நீர் வற்றும்போது, உரமும் கழிவுநீரும் தந்த ஊட்டத்தால் பாசி பெருகும். அப்பாசி விடும் மண்வாடையைப் போக்குவது கடினம் என்பதோடு, அத்தகைய கரிமப் பொருள் மிகுந்த நீரில் குளோரினைக் கூட்டிப் போட்டால் விரும்பத்தகாத துணைப்பொருள்களும் உருவாகும். அதாவது, மூலத்தில் தவிர்க்கப்படாத மாசு நிலையத்தில் கூடுதல் மருந்தாகவும், கூடுதல் மின்சாரமாகவும், கூடுதல் சேறாகவும் மாறுகிறது. அதிலும் தப்பியது வீட்டுக் குழாய்க்கு வருகிறது. அந்த மாசைச் சமாளிக்க ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கி மாட்டும் ஆர்.ஓ. எந்திரம், உட்செல்லும் நீரில் ஒரு பகுதியைக் கழிவாகவே வெளியேற்றுகிறது. மாவட்டம் ஒன்றின் ஏரியிலிருந்து 230 கிலோமீட்டர் கடந்து வந்த நீர் அவ்வாறு சாக்கடைக்குச் செல்வதைப் பற்றிச் சங்கங்கள் சிந்திக்க வேண்டும்.

இங்கேதான் நிர்வாகப் பிளவு பெருந்தடையாக நிற்கிறது. ஏரியும் கீழணையும் வடவாறும் நீர்வளத்துறையின் பொறுப்பு. சுத்திகரிப்பும் குழாயும் 1978-இல் அமைக்கப்பட்ட சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு. ஆற்றில் கலக்கும் ஆலைக் கழிவைத் தடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. ஆற்றங்கரை ஊர்களின் கழிவுநீர் அந்தந்த நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சார்ந்தது. நிலத்தில் இடும் உரத்தின் அளவை அறிவுறுத்துவது வேளாண்மைத் துறை. ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் செவ்வனே செய்தாலும், மேட்டூரிலிருந்து போரூர் வரை நீரை ஒரே பொருளாகப் பார்க்கும் கண் எதுவும் இல்லை. ஏரியில் வண்டல் சேர்வதால் குறையும் கொள்ளளவு நகரத்தின் இழப்பாக எந்த வரவு செலவிலும் எழுதப்படுவதில்லை. ஏரியைத் தூர்வாருவது பாசனத்துக்கான செலவாகவும், கடல்நீர் நிலையம் கட்டுவது குடிநீருக்கான செலவாகவும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரத்தை விழுங்கும் அந்த நீருக்குச் செலவிட மனம் வரும்போது, ஏற்கெனவே நன்னீராக இருக்கும் ஏரியை நன்னீராகவே வைத்திருக்கச் செலவிடுவதில் தயக்கம் ஏன் என்பது விடை வேண்டும் கேள்வி.

உலகின் வேறொரு பெருநகரம் இக்கேள்விக்குச் செயலால் விடை கூறியுள்ளது. நியூயார்க் தன் நீரின் பெரும்பகுதியை, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை, இருநூறு கிலோமீட்டர் வரை தொலைவிலுள்ள கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதிகளின் நீர்த்தேக்கங்களிலிருந்து பெறுகிறது. மாபெரும் வடிகட்டு நிலையம் கட்டுமாறு வலியுறுத்தப்பட்ட நிலையில், அந்நகரம் 1997-இல் மலைப்பகுதி ஊர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, நீர்ப்பிடிப்புப் பகுதியில், அதாவது மழைநீர் வடிந்து தேக்கத்தைச் சேரும் நிலப்பரப்பில், விற்க முன்வந்தோரிடம் நிலம் வாங்கியது. ஊர்களின் கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்தப் பணம் தந்தது. பண்ணைகளின் எருவும் உரமும் ஓடையில் கலக்காதிருக்க உழவர்களுக்கு உதவியது. தமிழ்நாட்டின் சமவெளி ஏரி நீரை வடிகட்டாமல் பருக இயலாது என்பது உண்மை. ஆகவே அந்நகரத்தின் முறையை அப்படியே இங்கு பெயர்த்து நடுவதைப் பற்றிய பேச்சன்று இது. நீரைப் பருகுவோர், நீரைக் காப்போர்க்கு அதற்கான செலவை முறையான ஒப்பந்தத்தின் மூலம் தருவது நடைமுறையில் இயலும் என்பதே அதிலிருந்து கொள்ள வேண்டிய செய்தி.

வீராணத்துக்கு அத்தகைய ஒப்பந்தம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடுகள் எழலாம். ஆனால் முதன்மையானது ஒன்றுண்டு. ஏரியின் மட்டம் எந்த அளவுக்கு மேல் இருக்கும்போது வயலுக்கும் நகரத்துக்கும் முழு அளவில் நீர், எந்த அளவுக்குக் கீழே போகும்போது எவருக்கு எவ்வளவு குறைப்பு என்பதை மாதவாரியாக வகுத்துச் சொல்லும் எழுத்துவடிவிலான இயக்க விதி, உழவர் சங்கங்களும் வாரியமும் நீர்வளத்துறையும் கலந்து ஒப்புக்கொண்டதாக, அனைவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். இப்போது ஏரி தன் முழு மட்டமான 47.5 அடியை எட்டியதா என்ற செய்தி மட்டும் நாளேடுகளில் வருகிறது. எட்டாதபோது நடக்கும் பங்கீடு அந்தந்த நேரத்து அலுவலர்களின் முடிவாக இருப்பதால், கடைமடை உழவர் நகரத்தின் மீதும், நகரத்தார் உழவர் மீதும் ஐயம் கொள்ள இடமேற்படுகிறது. சம்பா நாற்றங்கால் விடும் உழவருக்குத் தம் பங்கு முன்கூட்டியே தெரிந்தால், நீர் குறைந்த ஆண்டில் குறுகிய வயதுடைய நெல்லுக்கோ உளுந்துக்கோ மாறிக்கொள்ள வழி கிடைக்கும். அவ்வாறு மாறுவதால் நேரும் வருவாய் இழப்பில் ஒரு பகுதியை நகரம் ஈடுசெய்வது நியாயம்.

அந்த ஈட்டுக்கும், காட்டோடைகளின் வண்டலை ஏரிக்கு முன்பே தடுக்கும் சிறு தடுப்பணைகளுக்கும், வடவாற்றின் கரைப் பராமரிப்புக்கும் பணம் வேண்டும். சென்னையின் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நீர்மானி இல்லை. எவ்வளவு எடுத்தாலும் ஒரே கட்டணம் என்னும் நிலையில், சிக்கனமாகப் புழங்கும் வீட்டுக்கும் தாராளமாகப் புழங்கும் வீட்டுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. மானி பொருத்தி, குறைந்தபட்சத் தேவைக்கு மேற்பட்ட நீருக்கான கட்டணத்தில் ஒரு சிறு பங்கை நீர்மூலக் காப்பு நிதியாக ஒதுக்கி, அந்நிதியின் வரவையும் செலவையும் ஆண்டுதோறும் வெளியிட்டால், ஏழைக் குடும்பங்கள் மீது சுமை ஏறாமலே வழி பிறக்கும். லாரி நீருக்கு ஓர் அடுக்குமாடி வளாகம் கோடையில் தரும் தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிதாக இராது என்பதைச் சங்கங்களின் பொருளாளர்கள் தம் கணக்கேட்டைப் புரட்டியே அறியலாம்.

நீர்மூலத்தில் வாழ்வோரின் குடிநீரும் இக்கணக்கில் இடம்பெற வேண்டும். திட்டக்குடி வட்டத்தின் மேற்குப் பகுதி கடினப் பாறை நிலம். பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்குவதால், கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றுவதும், எஞ்சிய நீரில் உப்பு மிகுவதும் இத்தகைய நிலத்தின் இயல்பு. சுத்திகரிக்கப்பட்ட நீர் மாவட்டத்தைக் கடந்து செல்லும்போது, அதே தரத்திலான நீர் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கும் கிடைப்பது சலுகையாக அன்றி, திட்டத்தின் உறுப்பாகவே அமைய வேண்டும். தன் குழந்தைகளுக்கு நல்ல நீர் கிடைக்கும் ஊரே ஆற்றைக் காப்பதில் ஊக்கம் காட்டும்.

ஆகவே சங்கங்கள் தத்தம் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு இம்மடல் வேண்டுகிறது. வீராணத்தின் இயக்க விதியை வெளியிடுதல், ஏரியிலும் வடக்குத்து நிலையத்திலும் எடுக்கும் நீர்ப் பரிசோதனை முடிவுகளை மாதந்தோறும் அறிவித்தல், வீட்டு இணைப்புகளுக்கு நீர்மானி பொருத்துதல், நீர்மூலக் காப்பு நிதியை உருவாக்குதல், அந்நிதியை ஆளும் குழுவில் காட்டுமன்னார்கோவில், சேத்தியாத்தோப்பு வட்டாரங்களின் உழவர்க்கு இடமளித்தல் ஆகியவை அதில் இடம்பெறலாம். தீர்மானத்தின் படிகள் வாரியத்தின் மேலாண்மை இயக்குநருக்கும் நீர்வளத்துறைச் செயலாளருக்கும் செல்வதோடு, கடலூர் மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் அனுப்பப்பட வேண்டும்; நகரத்தின் சங்கங்களும் ஏரியின் உழவர்களும் ஒரே தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவதற்கு அக்கூட்டமே பொருத்தமான இடம்.

இவ்வண்ணம்,
வெள்ளாற்றுப் படுகையின் மங்களூர் வட்டாரத்திலிருந்து